இல்லாத தோள்வலி

அன்புள்ள சின்னுவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ எழுதாமலே தெரிந்துகொண்டோம்; கடிதத்தில் பாதி எழுத்து புரியவில்லை, அப்படியென்றால் பெண் முழு டாக்டராகிவிட்டாள் என்று அப்பா சந்தோஷப்படுகிறார். எலும்பு மருத்துவ மேற்படிப்புக்கு மூன்று இடங்களில் கூப்பிட்டிருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும், எங்கே போகட்டும் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நடுவிலேயே சிரித்து விஷயத்தைக் கெடுத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். உன் அத்தையிடம் சொன்னபோது, பொம்பளைப் பிள்ளைக்குச் சுத்தியலும் ரம்பமும் எதுக்கு, அதுக்கு இங்கேயே ஒரு தச்சர்கிட்ட விட்டிருக்கலாமே என்றாள். சொல்லிவிட்டு, தன் முழங்காலை மட்டும் நீதான் பார்க்க வேண்டும் என்று இப்போதே இடம் பிடித்து வைத்துவிட்டாள்.

என் ஆசை உனக்குத் தெரியும். கண்காணாத நாட்டில் படித்தது போதும், இனி வீட்டுக்குப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே வந்துவிட வேண்டும். அப்பா எனக்கு ஒருபடி மேலே. விளையாட்டு வாத்தியாராக இருந்தவர் இல்லையா, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நடந்து பார்த்து, வேக நடையில் போனால் சாப்பாடு ஆறாது என்று முடிவு கட்டி, ஓர் அடுக்கு டப்பாவும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறுத்தியது. பத்திரிகைக்கு விசாரிக்காமல் ஒரு வரி எழுதாதவள், பெற்ற பெண் விஷயத்தில் மட்டும் பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு சொல்லலாமா? லீவு போட்டேன். வலது தோள் வலிக்கிறது, கையைத் தூக்க முடியவில்லை என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு நோயாளியாகக் கிளம்பினேன். டாக்டரிடம் பொய் சொன்னால் பலித்துவிடும் என்று அப்பா தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

முதலில் பெரிய ஆஸ்பத்திரி. பெஞ்சு நிறைந்து, சுவரோரம் நிறைந்து, படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். என் முறை வந்தபோது பயிற்சி டாக்டர் தம்பி தலையைத் தூக்கவே இல்லை. எங்கே வலி, எத்தனை நாளாய் என்று கேட்டபடியே எழுதி முடித்துவிட்டார். இல்லாத வலிக்கு எக்ஸ்ரேயும் இரண்டு வகை மாத்திரையும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், முந்தின நாள் காலையில் வேலைக்கு வந்தவர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்று கேண்டீனில் சொன்னார்கள். அங்கே பயிற்சியில் இருக்கும் வேறு இரண்டு பேரிடம் தனித்தனியாகப் பேச்சுக் கொடுத்தேன். பெரிய டாக்டர்கள் கெட்டிக்காரர்கள்தான், அந்தப் பெயர் பொய்யில்லை, ஆனால் மூன்றாம் வருஷத்திலும் தங்களுக்கு ஆபரேஷனில் சதையை விலக்கும் கொக்கியைப் பிடித்து நிற்பதுதான் வேலை என்று இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். "கொக்கி பிடிக்கிறதுல எங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது ஆன்ட்டி" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்து, நீ அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தாயே, அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும்; இரவு அங்கே தங்கி, மறுநாள் காலையில் போனேன். சுவரில் சுண்ணாம்பு உதிர்கிறது. எலும்புப் பிரிவு மாடியில், லிஃப்ட் ஓடவில்லை, கால் உடைந்தவர்களைத் தூக்கிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். இதையும் மனதில் வைத்துக்கொள். அங்கே பயிற்சி டாக்டர் உன் வயசுப் பெண். முகத்தைப் பார்த்துக் கேட்டாள், கையைத் தூக்கச் சொன்னாள். முகம் சுளித்துப் பாதியில் நிறுத்தினேன், நன்றாக நடித்ததாகத்தான் நினைப்பு. அவள் பேனாவை மூடிவிட்டு, "உள்ள வந்ததும் தோள்ப் பையைத் தலைக்கு மேல தூக்கிக் கழட்டினீங்க, இதே கையாலதான். உங்களுக்கு வலி இல்லம்மா. நிஜமா வலிக்கிறவங்க வெளிய காத்திருக்காங்க. நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள். எத்தனையோ பெரிய மனிதர்களை நான் இப்படி மடக்கியிருக்கிறேன், மடங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உண்மையைச் சொன்னேன். கூட்டம் முடியட்டும் என்று ஓரத்துப் பெஞ்சைக் காட்டினாள். வகுப்புக்கு வெளியே நிறுத்தின பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மதியம் அவளுடைய பெரிய டாக்டர் வந்து விஷயத்தைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதோடு என்னை அனுப்பியிருக்கலாம். அவளிடம் திரும்பி, "பொய் சொல்றவங்களுக்கும் தோள் ரெண்டு இருக்கும்மா. இன்னொண்ணைப் பார்த்தியா?" என்றார். அவள் என் இடது கையைத் தூக்கினாள், பாதியில் நின்றுவிட்டது, இந்த முறை நடிப்பில்லை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியபடி எழுதியே இறுகிவிட்டது என்பது என் கட்சி. அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அவள் கட்சி. மாத்திரை தரவில்லை. சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே ஏற்றச் சொல்லியிருக்கிறாள். அப்பா தினமும் பக்கத்தில் நின்று எண்ணுகிறார், விசில் ஒன்றுதான் பாக்கி. இரண்டாம் வருஷத்திலேயே, பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்க, அவளே எலும்பைச் சேர்க்கிறாளாம். ஆபரேஷன் அறை நர்ஸிடம் தனியே கேட்டேன், அவரும் அதையே சொன்னார்.

ஆக, ஆசை ஒரு பக்கம், செய்தி ஒரு பக்கம். ஆசையை நான் அச்சுக்குக் கொடுத்ததில்லை. இங்கே வருவதானால் அந்தச் சின்ன ஊருக்குப் போ. மூன்றாவது இடம் நீ இப்போது இருக்கும் ஊர், அதை விசாரிக்க எனக்கு வழியில்லை. நீயே ஒரு நாள் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பார், பயிற்சி டாக்டர்கள் முகத்தைப் பார்க்கிறார்களா, கையில் கொக்கி இருக்கிறதா கத்தி இருக்கிறதா என்று கேள். பொய் மட்டும் சொல்லாதே, பலித்துவிடுகிறது. இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். திருப்பிக் கொடுக்கத்தான் போகிறார் என்று எனக்கு மனசு கனத்துவிட்டது. பார்த்தால், ஒரு பகல் முழுக்கச் சூடு தாங்குகிற டப்பாவாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். விமானத்துக்குத் தாங்குமா என்றும் கடைக்காரரிடம் கேட்டாராம்.

எங்கே போனாலும் உன் கை பட்ட எலும்பெல்லாம் நேராகச் சேரட்டும், நீயும் குறையில்லாமல் இரு. வேளைக்குச் சாப்பிடு. மாதக் கடைசிக்குள் முடிவை எழுது, எந்த இடம் என்பதோடு ஏன் என்பதையும், படிக்கிற மாதிரி எழுத்தில்.

இப்படிக்கு,
இன்று காலை சுவரில் லைட் ஸ்விட்சுக்கு மேலே ஒரு விரலளவு ஏறிவிட்ட
உன் அம்மா