நின்றுபோன நாற்காலி

லேக் மார்க்கெட், கொல்கத்தா
ஜூன் 3

அன்புள்ள பிரியம்வதாவுக்கு,

மாமாவின் ஆசிகள். பாப்பாவுக்கு முத்தங்கள். போனில் பேசத் தொடங்குமுன்னே இருவரும் அழுதுவிடுகிறோம், அதனால் எழுதுகிறேன்.

சதீஷின் விபத்து அறிக்கை வந்துவிட்டது. மேகத்துக்குள் கருவிகளை நம்பாமல் தன் உடலுணர்வை நம்பி விமானத்தைத் திருப்பினானாம். நம் சதீஷா? ஆட்சேபணை அனுப்ப இம்மாத முடிவு வரை அவகாசம் உண்டு. தெரியாததை எழுத எனக்குப் பயம். ஆகவே, வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே ஓட்டும் பாடத்தைக் கற்க, பெஹாலா பக்கம் ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். லிஃப்டில் ஏறவே தயங்குகிறவன், சிரிக்காதே. ஆசிரியை சுப்ரியா இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பெண். "மேஷோமஷாய், இந்த வயசுல பைலட்டாகி எங்க பறக்கப்போறீங்க?" என்றாள்; இங்கே பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். காரணத்தைச் சொல்லவில்லை.

விஸ்வநாதன்

திருச்சி
ஜூன் 10

மாமாவுக்கு வணக்கம்.

சிரிக்காதே என்றீர்கள், சிரித்துவிட்டேன். ரொம்ப நாளாயிற்று.

பள்ளியில் ஒரு பையன், "உங்கப்பாதான தப்பா ஓட்டினாரு, பேப்பர்லயே வந்திருக்கு" என்றானாம். "நெஜமாம்மா?" என்று பாப்பா கேட்கிறாள். என்ன சொல்வேன்? சீக்கிரம் எழுதுங்கள், மாமா. பூட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர் நீங்கள். உங்கள் பிள்ளை அவர்.

பிரியம்வதா

கொல்கத்தா
ஜூன் 19

அன்புள்ள பிரியம்வதாவுக்கு,

இதை உனக்கு எழுதலாமா என்று தெரியவில்லை.

கண்ணைக் கட்டி, சுழல் நாற்காலியில் உட்காரவைத்து மெதுவாகச் சுற்றினார்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று கட்டைவிரலால் காட்ட வேண்டும். முதலில் இடப்பக்கம், காட்டினேன். பிறகு நாற்காலி வலப்பக்கம் திரும்பியது. காட்டினேன். கண்கட்டை அவிழ்த்தால், நாற்காலி அசையாமல் நிற்கிறது.

"இடப்பக்கம் சுத்தினதோட நிறுத்திட்டேன், மேஷோமஷாய். எல்லாருக்கும் இப்படித்தான்."

இப்படி நேரும் என்று முன்பே புத்தகத்தில் படித்திருந்தேன். தெரிந்தே மறுபடி உட்கார்ந்தேன். விரல் மறுபடியும் தப்பாகவே போனது. மேகத்துக்குள்ளும் இதேதானாம்: உடம்பு ஒன்று சொல்லும், கருவியின் முள் வேறொன்று சொல்லும். முள்ளை நம்ப வேண்டும். நான் நம்பியிருக்க மாட்டேன், அம்மா. அறிக்கை பொய்யென்று எப்படி எழுதுவேன்?

விஸ்வநாதன்

திருச்சி
ஜூன் 24

மாமா,

அந்த நாற்காலியில் நீங்கள் உட்காரவே இல்லை. அப்படியே நினைத்துக்கொண்டு எழுதி அனுப்புங்கள். இதுவரை உங்களை நான் எதுவும் கேட்டதில்லை.

பிரியம்வதா

கொல்கத்தா
ஜூன் 27

அன்புள்ள பிரியம்வதாவுக்கு,

தினமும் எழுத உட்கார்ந்தேன். 'என் மகன் அப்படிச் செய்திருக்க மாட்டான்' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. அந்த வரியும் எனக்குத் தெரிந்ததல்ல.

அடியில் கையெழுத்து மட்டும் போட்ட வெள்ளைத்தாளை கூரியரில் அனுப்புகிறேன். வேண்டியதை நீயே எழுதிக்கொள். யார் கேட்டாலும் நான் எழுதியது என்பேன். என்னால் இவ்வளவுதான் முடிகிறது. கோபித்துக்கொள்.

விஸ்வநாதன்

ஜூலை 9

மாமாவுக்கு,

உங்கள் தாள் இத்துடன் திரும்பி வருகிறது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு வராத பொய் எனக்கும் வரவில்லை. கடைசித் தேதியும் போய்விட்டது.

உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் உங்கள் எழுத்தைப் பார்த்தாலே அந்த மேகத்துக்குள் அவர் தனியாக இருப்பது தெரிகிறது. இனி எழுத வேண்டாம். வீடு மாறிவிட்டோம், முகவரி போடவில்லை.

பாப்பாவை வேறு பள்ளியில் சேர்த்திருக்கிறேன். அப்பா பாங்கில் வேலை பார்த்தார், காய்ச்சலில் போனார் என்று அங்கே சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் அவளும் தடுமாறாமல் அதையே சொல்கிறாள்.

பிரியம்வதா