வெயில் காணாத படத்துக்கு லேமினேஷன்

நேற்றுக் காலை ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் உன் தம்பியின் பால்கோவா வண்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் சரக்கேற்றிக்கொண்டு ராஜபாளையத்துக்கு வந்து நின்றது. அதன் பின்கதவில் நீ இருந்தாய். நீலமாக இருந்தாய். மஞ்சளும் சிவப்பும் வெயிலில் போய்விட்டிருந்தன. நெற்றிக் குங்குமம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தடம். ‘நினைவில் வாழும் அண்ணன்’ என்ற எழுத்து மட்டும் கறுப்பு மை என்பதால் மங்காமல் இருந்தது. வண்டிகளுக்குப் படம் அச்சிட்டு ஒட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவனின் முகத்தை, மேலே லேமினேஷன் இல்லாமல் வெயிலுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மதுரையில் ஒன்றாக வேதியியல் முதுகலை படித்துவிட்டு, ஊர் திரும்பி இருவரும் இந்தக் கடையைத் தொடங்கினோம். எல்லா வண்டிக்கும் லேமினேஷன் கட்டாயம் என்று நான் வாதிட்டேன். நீ ஒப்பவில்லை. வந்தவரிடம் முதலில் ஒன்றைத்தான் கேட்பாய்: “எம்புட்டு நாளைக்கு இருக்கணும்?” மற்றதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. தேர்தல் ஜீப்புக்குப் பளபளவென்று லேமினேஷன் கேட்ட கட்சிக்காரரிடம், “அண்ணாச்சி, உங்க வேட்பாளரு அம்புட்டு நாளைக்கு இதே கட்சியில இருப்பாரா?” என்றாய். முறைத்தவர் பிறகு தானே சிரித்துவிட்டார். பள்ளி வேன் வந்தால் மட்டும் உன்னிடம் பேச்சே எடுபடாது. “தெனமும் வெயில்ல நிக்கும். தெனமும் கழுவுவாக. டீசல் வழியும். மேல தோலு இல்லாம அனுப்ப மாட்டேன்.”

போடுவதென்றால் ஒழுங்காகப் போட வேண்டும் என்பதும் உன் பிடிவாதம். அச்சிட்ட மை ஒருநாள் முழுதும் உலர வேண்டும். ஈரத்தோடு மூடினால் பசை விட்டுவிடும். புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகும் வேன் ஒன்றுக்குப் பெருமாள் படம் அச்சிட்டபோது, கடையில் உதவிக்கு நின்ற உன் தம்பி அவசரப்பட்டு அப்போதே லேமினேஷனை உருட்டிவிட்டான். மலையடிவாரம் போய்த் திரும்புவதற்குள் பெருமாளின் பாதம் சுருண்டுகொண்டது. “விடுண்ணே, பெருமாளு காலை யாரு பாக்கப் போறா?” என்றான். “ஏலே, அதைப் பாக்கத்தானலே அம்புட்டுப் பேரும் போறாக” என்று சொல்லி, முழுப் படத்தையும் உரித்துப் போட்டாய்.

நேற்று கேட் திறக்கச் செத்த நேரம் இருந்தது. இறங்கிப் போய் உன் தம்பியிடம், வேறு படம் அச்சிட்டு லேமினேஷன் போட்டுத் தருகிறேன், வண்டியை மட்டும் விட்டுப் போ என்றேன்.

“எதுக்குண்ணே? தெவசமும் கொடுத்தாச்சு. அந்த எடத்துல கடை பேரைப் போடணும். உரிக்கத்தான் போறேன்.”

“ஒட்டும்போது நம்ம கடைக்கு ஏன் வரல?”

“உங்ககிட்ட வந்தா ஒருநாள் காயணும்பீங்க. வண்டி நிக்க முடியுமா? வில்லிபுத்தூர்லயே ஒட்டிட்டேன். எம்புட்டு நாளைக்கு இருக்கணும்னு கேட்டாக. ஒரு வருசம் போதும்னேன்.”

என் குரல் உயரவில்லை. உயர்த்தியிருந்தால் ஆறியிருப்பேனோ என்னவோ. உன் கேள்வியைத்தான் அவனிடம் கேட்டிருக்கிறார்கள். அவனும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். ஒரு வருடத்துக்கென்று ஒட்டிய படம் ஒரு வருடம் இருந்தது. உன் கணக்கின்படி எவர் மீதும் குற்றமில்லை. கூடப் பிறந்தவனுக்கு நீ தேர்தல் ஜீப்பாகிவிட்டாய் என்பதைத் தவிர, அதில் ஒரு பிழையும் இல்லை. கேட் திறந்தது. நீலமாகவே போனாய்.

கடைக்கு வந்து உன் முகத்தை அச்சிட்டேன். குங்குமம் சரியாக விழும்வரை சிவப்பைத் திருத்தினேன். மேசைமேல் விரித்துக் காயவிட்டு, உன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். “சிவப்பு தூக்கலா இருக்குலே” என்று சொல்ல ஆளில்லை.

இன்று காய்ந்துவிட்டது. ஒட்டுவதற்கு வண்டி இல்லை. சுருட்டி அலமாரியில்தான் வைக்க வேண்டும். வெயிலே காணாத படத்துக்கு லேமினேஷன் எதற்கு என்பாய். எம்புட்டு நாளைக்கு இருக்கணும் என்ற உன் கேள்வியை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். ஒரு குமிழ்கூட விழாமல், ஓரத்திலிருந்து ஓரம்வரை லேமினேஷனை மெதுவாக உருட்டி முடித்தேன்.