மில் விலக்கில் பஸ் நிற்கும் இடம்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல் காற்று. குடை இரண்டு முறை மடங்கியது. தோசை மாவு புளித்துவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் உப்புமா.

பத்து மணிக்கு மில் விலக்கில், மில்லுக்கு வழி பிரியும் இடத்தில், கூட்டாய்வு. நெடுஞ்சாலைத் துறை சார்பில் நான், போலீஸ் எஸ்.ஐ., மோட்டார் வாகன ஆய்வாளர். திரும்பத் திரும்ப உயிர் போகிற இடங்களை உடனே சரிசெய்ய வேண்டும் என்று மாநிலம் முழுக்க உத்தரவு. என் பட்டியலில் முதல் இடம் இது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும்போது வலது கைப்பக்கம் மில், இடது பக்கம் பஸ் நிறுத்தம், நடுவில் சாலைத் தடுப்பு, அதில் ஓர் இடைவெளி. ஏப்ரலில் ராமலட்சுமி என்ற தொழிலாளி அந்த இடைவெளி வழியாக மில்லுக்குக் கடக்கும்போது வேன் மோதி இறந்தாள்.

தீர்வு என் கையால் வரைந்தது: இடைவெளியை கான்கிரீட் போட்டு அடைப்பது. எஸ்.ஐ. கையெழுத்துப் போட்டார். ஆய்வாளரும் போட்டார். அரை மணி நேர வேலை.

நான் அளவெடுத்து முடிக்க, இரண்டு மணிக்கு மில்லில் ஷிப்ட் விட்டது. ராமலட்சுமியோடு வேலை பார்த்த முத்துமாரி வெளியே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“அடைச்சுக்கோங்க மேடம். நாங்க ஏறிக் குதிச்சுப் போய்க்கிடுதோம்.”

“அரை கிலோமீட்டர் தள்ளி வழி இருக்கேம்மா.”

“அம்புட்டு தூரம் சுத்தி வந்தா ஆறு மணிக்குக் கேட்ட சாத்திருவாவ. பஸ்ஸு வாரதே அஞ்சு அம்பதுக்கு.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல. அதுதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஜூன் 10, செவ்வாய்

ஐந்தரைக்கே விலக்கில். இருட்டு முழுதாக விலகவில்லை. இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருடம், இந்த இடத்தை இந்த நேரத்தில் பார்த்ததே இல்லை. எழுதவே வெட்கம்.

பார்த்தது:
— டவுன் பஸ் இடைவெளிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடுகிறது.
— பெண்கள் இறங்கி, முன்னால் நடந்து, பஸ்ஸின் மூக்கை ஒட்டிக் கடக்கிறார்கள்.
— பின்னால் வரும் வண்டி பஸ்ஸைத் தாண்ட வலது பக்கம் ஒதுங்குகிறது. டிரைவருக்கு பஸ் மட்டும்தான் தெரியும். பெண்கள் தெரியவே மாட்டார்கள்.
— ஓட்டம். எல்லோருக்கும் ஓட்டம்.

தப்பு இடைவெளியில் இல்லை. பஸ் நிற்கும் இடத்தில். இடைவெளியைத் தாண்டிப் போய் நின்றால், இறங்குகிறவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள். வருகிற வண்டிக்குத் தூரத்திலேயே தெரியும்.

அந்த இடத்தில் பஸ் ஒதுங்க முடியாதபடி ஒரு தகரச் சாய்ப்பு. மைதீன் பாயின் பைப் கடை. சாய்ப்பு முழுக்க எங்கள் துறையின் இடத்தில்.

கடை திறந்ததும் போய்ச் சொன்னேன். பிவிசி குழாய்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“தேவதானம், சேத்தூர்னு வெவசாயம் பாக்குத சம்சாரிக அத்தன பேரும் இங்கதான் வண்டிய நிப்பாட்டிப் பைப் ஏத்துதாவ. சாய்ப்ப பிரிச்சா சரக்க எங்க போட? நீங்கதான் நேத்து அந்தத் தடுப்புச் சந்த அடைக்கப் போறோம்னிய.”

“நேத்து சொன்னது தப்பு பாய்.”

“இன்னைக்குச் சொல்லுதது சரின்னு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்வி. நோட்டீஸ் கொடுத்து எடுக்கலாம். அதற்குள் மழைக்காலமே வந்துவிடும்.

ஜூன் 11, புதன்

காற்று குறையவில்லை. மகள் கீர்த்தனாவுக்குப் பள்ளி ஷூ கடிக்கிறது, ஒரு நம்பர் பெரிதாக மாற்ற வேண்டும்.

செயற்பொறியாளர் சாரைப் பார்க்கப் போனேன். திட்டத்தை மாற்றக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“நீங்க வரைஞ்சு, நான் ஒப்புதல் குடுத்து, மூணு பேர் கையெழுத்தும் ஆயாச்சு. வெள்ளிக்கிழமை அடைச்ச போட்டோவ மேல அனுப்பணும். இப்ப வந்து வேண்டாங்கிறீங்க.”

“அடைச்ச போட்டோ அனுப்பிரலாம் சார். அதுக்கப்புறம் மில்லுக்குப் போறவங்க தடுப்பு மேல ஏறி நிப்பாங்க. அந்தப் போட்டோவ யார் அனுப்புறது?”

நேற்றுக் காலை விலக்கில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

“தப்பா வரைஞ்சுட்டேன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுக்கிறேன் சார்.”

அங்கேயே எழுதினேன். ‘ஷிப்ட் நேரத்தில் நேரில் சென்று பார்க்காமல் தயாரிக்கப்பட்டது’ என்ற வரியை எழுதும்போது மட்டும் பேனா நின்றது. ராமலட்சுமி அந்த வரிக்குள் இல்லை. இருந்தாலும் அவளை நினைத்தேன். வேனை நான் ஓட்டவில்லை. ஆனால் பட்டியல் போன வருடமே என் மேஜையில் இருந்தது.

நிறுத்தத்தை மாற்றிப் பார்க்க ஒரு வாரம் சோதனைக்கு அனுமதி. போலீஸுக்கும் பஸ் டிப்போவுக்கும் கடிதம் போயாயிற்று. பஸ் ஒதுங்க இடம் மட்டும் இல்லை.

மாலை பாயிடம்: “நாளைக்கு அஞ்சரைக்கு என்கூட ஜீப்ல வாங்க. அதுக்குப் பொறவும் வேண்டாம்னா நோட்டீஸ்ல பேசிக்கலாம்.”

“தொழுதுட்டு வாரேன்” என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 12, வியாழன்

வந்தார். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். டிரைவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்: நடக்கிற வேகம்தான், அதற்கு மேல் கூடாது.

டவுன் பஸ் வழக்கமான இடத்தில் நின்றது. நாங்கள் பின்னால். மெதுவாக வலது பக்கம் ஒதுங்கி, பஸ்ஸை ஒட்டி முன்னே போனோம். பஸ்ஸின் பின்பக்கம், ஜன்னல்கள், முன் சக்கரம். ரோடு காலி. பிறகு சட்டென்று பஸ்ஸின் மூக்கிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கூடை, ஒரு கை, முத்துமாரி.

டிரைவர் நிறுத்தினார். அவர் நிறுத்துவதற்கு முன்பே பாயின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது, அங்கே பிரேக் இல்லாவிட்டாலும்.

முத்துமாரி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டாள்.

பாய் காலை மெதுவாக எடுத்தார். பிறகு, “அந்த ராமலட்சுமிப் பிள்ளைய என் லோடு வண்டியிலதான் ஏத்துனோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு. ரோட்ட பாக்காம ஓடுச்சுன்னு இம்புட்டு நாளும் அது மேலயே கோவமா இருந்தேன்.”

முத்துமாரி ஓடிய பக்கத்தையே பார்த்தார்.

“பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது, என்ன?”

“தெரிஞ்சிருக்காது பாய்.”

இறங்கி, சாய்ப்பின் கம்பங்களை எண்ணிக்கொண்டு நடந்தார். பாதி போதுமா என்றார். போதாது என்றேன். கடைக்குப் பின்னால் குழாய் வண்டி வந்து திரும்ப வழி அமைத்துத் தர முடியுமா என்றார். அது துறை இடம் இல்லை, வாக்குத் தர முடியாது என்றேன். மறைக்காமல் சொன்னது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும், டீ சொன்னார். சாய்ப்பைத் தானே பிரித்துக்கொள்வதாகவும், ஜேசிபி கொண்டுவந்து தகரத்தை நசுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஜூன் 14, சனி

நேற்று எழுத நேரமில்லை. சாய்ப்பு போய்விட்டது. தரையைச் சமப்படுத்தி ஜல்லி போட்டாயிற்று. இன்று பெயின்ட்: கடக்கும் இடத்தில் பட்டை, இரண்டு பக்கமும் வேகத்தைக் குறைக்கத் தடித்த வெள்ளைக் கோடுகள், புது நிறுத்தத்துக்குப் பலகை. பழைய இடத்தில் பஸ் நிற்காமல் இருக்கச் சிவப்பு வெள்ளை டிரம்கள்.

ஒரு பைக்காரர் நிறுத்தி, “எதுக்கு மேடம் இம்புட்டு கோடு, வண்டி தூக்கிப் போடுது” என்றார். அதற்குத்தான் என்றேன். அவருடைய ஹெல்மெட் டேங்க் மேல் கிடந்தது. மாட்டிவிட்டுப் போகச் சொன்னேன். மாட்டினார்.

கீர்த்தனாவின் ஷூ மாற்றியாயிற்று.

ஜூன் 16, திங்கள்

சோதனை முதல் நாள். காற்று, ஆனால் வானம் தெளிவு. மேற்கே மலை முழுதாகத் தெரிந்தது.

ஐந்து ஐம்பது. பஸ் வந்தது. டிரைவர் பழக்கத்தில் டிரம்களுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார். எஸ்.ஐ. கையைக் காட்டினார், “முன்னால போங்க, முன்னால.” போய், இடைவெளியைத் தாண்டி, பாய் கடை முன்னால் ஒதுங்கி நின்றது.

பெண்கள் இறங்கி, பழக்கத்தில் முன்பக்கம் நடந்தார்கள். நாலு அடியில் நின்றார்கள். அங்கே தடுப்புதான் இருந்தது. முத்துமாரி திரும்பினாள். “ஏட்டி, பின்னால வாங்க.” எல்லோரும் திரும்பினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து ஒரு சிமென்ட் லாரி. கோடுகள் மேல் தடதடவென்று ஏறி, வேகம் தணிந்து, நின்றது. டிரைவர் ஸ்டீயரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு ஒவ்வொருத்தியும் தெரிந்தாள்.

கடந்தார்கள். ஓடவில்லை, வேகமாக நடந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. ஐந்து ஐம்பத்தாறுக்கு எல்லோரும் கேட்டுக்கு உள்ளே.