பிரேக் இல்லாத பலகைகள்

6 நவம்பர் 2009, வெள்ளி

அம்மா வேலையிலிருந்து வரும்போது சாக்கில் சுற்றி நீளமாக எதையோ தோளில் தூக்கி வந்தாள். திரைச்சீலைக் கம்பி என்று நினைத்தேன். பிரித்தால் இரண்டு ஒடுக்கமான பலகைகள். ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். கூடவே இரண்டு கோல்கள், ஒரு ஜோடி பூட்ஸ்.

அம்மா சமைக்கிற ஆபீசில் சிக்ரிட் என்று ஒரு நார்வே அம்மாள் இருக்கிறார். போன வருஷப் புயலின் நிவாரண வேலைக்கு வந்தவர். அவர் ஊரில் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு பனியில் போட்டி போட்டுச் சறுக்குவார்களாம். அதற்கு ஸ்கீ என்று பெயர். பனி இல்லாத மாதங்களில் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க இந்தச் சக்கரப் பலகை. "ஜனவரி நாலு, பர்மா சுதந்திர தினத்தன்று ஒரு பந்தயம் வைப்போம், யார் வருகிறீர்கள்?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அம்மா மட்டும் வருகிறேன் என்றாளாம்.

அம்மாவுக்கு முப்பத்தொன்பது வயது. சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

"இதிலே பிரேக் எங்கம்மா?"

"பிரேக் கிடையாதாம்" என்றாள், ஏதோ உப்புக் கிடையாது என்கிற மாதிரி.

8 நவம்பர்

பலகைகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. நான் மேலே படுத்திருக்கிறேன்.

15 நவம்பர், ஞாயிறு

ஆபீஸ் வேன் ஓட்டுகிற கபீர் மாமா எங்களை மிங்கலாடோனுக்கு அழைத்துப் போனார். விமான நிலையம் தாண்டி, வீடே கட்டாமல் சாலை மட்டும் போட்டு விட்டுவிட்ட ஓர் இடம். தண்ணீர்த் தொட்டியிலிருந்து சாலை நேராகக் கீழே இறங்குகிறது. இடப்பக்கம் முழங்கால் உயரப் புல், வலப்பக்கம் சிமெண்டுச் சாக்கடை.

வெயிலுக்கு நான் வேனுக்குள்ளேயே இருந்தேன். கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். அம்மா கைலியை விட்டுவிட்டு அப்பாவின் பழைய காற்சட்டையைப் போட்டிருந்தாள், இடுப்பில் கயிறு. விழுந்தாள். எழுந்தாள். நாலடி போய் மறுபடி விழுந்தாள். சாயங்காலம் வரை அதேதான். சிக்ரிட் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லையே. இதற்குப் பிறகும் ஏன் விடமாட்டேன் என்கிறாள்?

"உங்கம்மா ரோட்டுக்குத் தனக்கா பூசுது" என்றார் கபீர் மாமா. இங்கே பெண்கள் கன்னத்தில் மரப்பட்டைச் சந்தனம் அப்புகிற மாதிரி அம்மா ரோட்டில் அப்பிக்கொள்கிறாளாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

22 நவம்பர்

கேட்டேவிட்டேன். "எதுக்கும்மா இது?"

அம்மா முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். அதை முடித்துக் கையைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "புயல் அன்னைக்கு ராத்திரி முழுக்கக் கதவைப் பிடிச்சிட்டு நின்னேன்ல. கை இன்னும் அப்படியே இருக்கு பாப்பா. அந்தப் பலகையிலே உருளும்போது மட்டும் பிடி விட்டுப்போகுது."

எனக்கும் அந்த ராத்திரி நினைவிருக்கிறது. தகரம் ஒவ்வொன்றாகப் பிய்ந்து போன சத்தம். அம்மா கதவைப் பிடித்திருந்தாள். நான் அம்மாவைப் பிடித்திருந்தேன். அவளுக்கு விட்டுப்போகிறது. எனக்கு?

6 டிசம்பர்

அப்பா கப்பலிலிருந்து முனைக்கடைக்குப் போன் பண்ணினார். அம்மா எங்கே என்றார். மார்க்கெட்டுக்கு என்றேன். மிங்கலாடோன் என்று சொல்ல வாய் வரவில்லை. "அம்மாவைப் பாத்துக்கோ லக்ஷ்மி, நான் வர இன்னும் ஏழு மாசம் ஆகும்" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொள்வது? வேன் கண்ணாடி வழியாகவா?

13 டிசம்பர்

இன்று முதல் தடவையாகத் தொட்டியிலிருந்து இறங்கினாள். நிற்க முடியாமல் வந்துகொண்டே இருந்தாள். முகம் தெரியவில்லை, சக்கரச் சத்தம்தான். தகரம் பிய்கிற சத்தம் மாதிரியே. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சமதரையில் தானாக வேகம் குறைந்து வேனுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

வரும் வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். வியர்வையாக இருந்தது. என் கைதான்.

18 டிசம்பர், வெள்ளி

தின்கன்ஜூனில் எங்கள் தெருக்கோடி அம்மன் கோவிலுக்குத் தனியாகப் போனேன். வேண்டுதலுக்கு மஞ்சள் துணியில் காசு முடிய வேண்டும். இந்த ஊரில் காசு ஏது, எல்லாம் தாள்தானே. அப்பா கொண்டுவந்த சிங்கப்பூர்க் காசு ஒன்றை முடிந்தேன். வாய்விட்டுச் சொன்னேன்: பந்தயத்தன்று அம்மா ஒரு தடவைகூட விழாமல் கீழே வந்து சேரவேண்டும். வந்தால் என் முடியைக் கொடுக்கிறேன்.

என் பின்னல் இடுப்புக்குக் கீழே வரும். வகுப்பில் எனக்கு இருக்கிற ஒரே பெருமை அதுதான். பெரியதாகக் கொடுத்தால்தானே பெரியதாகக் கேட்கலாம்.

20 டிசம்பர்

கபீர் மாமாவிடம் மட்டும் சொன்னேன், யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்ததால்.

"மொட்டை போட்டா பர்மாக்காரங்க நீ பிக்குணி ஆயிட்டேன்னு நெனச்சு வாசல்லே அரிசி போடுவாங்க. எனக்கும் ரெண்டு படி எடுத்து வை" என்றார்.

பிறகு, "பயப்படாதே தாயி, நானும் துஆ செய்றேன்" என்றார். அவரும் பயப்படுகிறாரோ?

3 ஜனவரி 2010

நாளை. அம்மா நன்றாகத் தூங்குகிறாள்.

4 ஜனவரி, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சுதந்திர தினத்துக்குத் தெருவுக்குத் தெரு சாக்கு ஓட்டமும் வழுக்குமரமும் நடக்கும். அதனால் எங்கள் கூட்டத்தையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பந்தயத்துக்கு நான்கு பேர்: சிக்ரிட், வேறு ஆபீஸ்களிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள், அம்மா. ஒருவர் பின் ஒருவராக இறங்க வேண்டும், கபீர் மாமா கடிகாரம் பார்ப்பார். நான் வேனுக்குள் இருக்கவில்லை. புல்லோரம் பாதிச் சரிவில் நின்றேன், துணி முடிச்சைக் கைக்குள் வைத்துக்கொண்டு.

அம்மா கடைசி. இறங்க ஆரம்பித்தாள். விழக்கூடாது, விழக்கூடாது, விழக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

என்னைத் தாண்டிப் போனாள். அவள் இன்னும் அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். கீழே சாக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு மாடு ஏறி வந்து சாலைக்குக் குறுக்கே நின்றது. பின்னாலேயே இன்னொன்று. கபீர் மாமா கைலியை மடித்துக்கொண்டு ஓடினார். மாடு நகரவில்லை. அம்மாவால் நிற்க முடியாது. பிரேக் கிடையாது. நான் கத்தினேனா தெரியவில்லை.

அம்மா கோல்களை வீசினாள். முழங்காலை மடக்கினாள். இடப்பக்கமாகச் சாய்ந்தாள் – அப்படியே புல்லுக்குள் விழுந்து உருண்டு போனாள்.

நான் ஓடினேன். என்னென்னமோ பெனாத்திக்கிட்டே ஓடினேன். சாமி, நான் சொன்னது கேக்கலியா, நான் முடி தரேன்னேனே, முழுசும் தரேன்னேனே.

அம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் ரத்தம், தலையெல்லாம் புல். மாடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எதுக்குடி அழறே? நல்லாத்தானே விழுந்தேன்."

நல்லா விழுந்தாளா?

அப்போதுதான் சொன்னாள். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க சிக்ரிட் சொல்லிக் கொடுத்தது அதைத்தானாம். நிற்க முடியாவிட்டால் எப்படி விழுவது என்று. அதைக் கற்றுக்கொள்ளாமல் சரிவில் இறங்கவே விடமாட்டாராம். நான் தோல்வி என்று பார்த்துக்கொண்டிருந்தது பாடம்.

வேண்டுதலைச் சொன்னேன். விக்கி விக்கி. அம்மா முதலில் என் பின்னலைத்தான் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மன் நீ கேட்டதைக் கொடுத்திருந்தா நான் இப்ப மாட்டு வயித்திலே இருப்பேன், பாப்பா."

பிறகு கபீர் மாமா மாடுகளை ஓட்டிவிட, அம்மா எழுந்து, கோல்களைப் பொறுக்கிக்கொண்டு, மீதித் தூரத்தை மெதுவாகச் சறுக்கி முடித்தாள். நான்காவது இடம். வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். "கடிகாரத்தை நிறுத்தவே இல்லை தங்கச்சி, மாட்டுக்கும் சேத்துத்தான் நேரம்" என்றார் கபீர் மாமா.

5 ஜனவரி

தூக்கம் வரவில்லை. எது என்னைப் பயமுறுத்துகிறது என்று யோசித்தேன். மாடு இல்லை. நான் கேட்டது. அவளிடம் இருந்த ஒரே பிரேக்கைப் பிடுங்கிவிடு என்றுதானே நான் சாமியிடம் கெஞ்சியிருக்கிறேன். அதுவும் அன்பு என்று நினைத்துக்கொண்டு.

8 ஜனவரி, வெள்ளி

கோவிலுக்குப் போனேன். முடி கடன் இல்லை என்று அம்மா சொல்கிறாள். பூசாரியிடம் கேட்கவில்லை. முடிச்சை அவிழ்க்காமல், கேட்டதை மட்டும் மாற்றிச் சொன்னேன்: விழட்டும். எழுந்திருக்கிற மாதிரி விழட்டும்.

24 ஜனவரி

அப்பா போன் பண்ணினார். அம்மா எங்கே என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கடல் இரைச்சலுக்கு நடுவே முழுக்கக் கேட்டார். பிறகு, "என் காற்சட்டையா?" என்றார்.

14 மார்ச், ஞாயிறு

பரீட்சை முடிந்துவிட்டது. அடுத்த மாதம் சிக்ரிட் ஊருக்குப் போகிறார். அவருடைய பலகைகளையும் எங்களிடமே விட்டுப் போகிறாராம். பூட்ஸ் எனக்குப் பெரிது, நுனியில் துணி அடைத்தேன். புல்லுக்குள் இடப்பக்கமாக விழுந்தேன். எழுந்து, மறுபடி விழுந்தேன். தொட்டிப் பக்கம் இன்னும் போகவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

இப்போது அம்மா என் பின்னலை அவிழ்த்துப் போட்டு, ஒட்டிக்கொண்ட புல் விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். "மொட்டையே போட்டிருக்கலாம்" என்கிறாள்.