பிடுங்கிப் போட்ட பல்பு

செவ்வாய் கிரகம், நாள் 212. நேரம் 09:10

மூணாம் நம்பர் வண்டி. முகாமுக்கு இன்னும் 140 கிலோமீட்டர். ஓட்டுநர், மெக்கானிக், எடுபிடி எல்லாம் நான் ஒருத்திதான்: ஆவுடைத்தாய். மண் மாதிரி எடுத்தாச்சு, திரும்பிட்டிருக்கேன். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியுது. நிறுத்திப் பாக்கறேன்.

09:50

முகாம் ரேடியோவுல தேவசகாயம் அண்ணாச்சி: "பேட்டரி விளக்குன்னா பேட்டரிதாம்மா. மாத்திரு."

மாத்தினேன். இடுப்பு ஒடிஞ்சுது. விளக்கு எரியுது.

எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வரணும். 12.1தான் வருது. பேட்டரிக்கு ஒண்ணுமில்ல, அதுக்குச் சோறு போடற ஆல்டர்னேட்டர்தான் போடல. சொன்னேன். "எதுக்கும் பேட்டரிய இன்னொருக்க பாரேன்"ங்காரு. எங்க போயி முட்டிக்கிட! பேட்டரி தீர்ந்தா ஹீட்டர் நிக்கும். பொழுது சாஞ்சா வெளிய மைனஸ் எண்பது.

11:05

ஆல்டர்னேட்டர் பெல்ட்ல புழுதி. துடைச்சு இறுக்கினேன். எரியுது. ஃபியூஸ் நல்லாருக்கு. எரியுது. இதோட ஆறு தடவை சூட்டை மாட்டிக்கிட்டு கதவைத் திறந்தாச்சு. ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கற காத்து வெளிய போயி, ஆக்சிஜன் சிலிண்டர்லருந்து மறுபடி நிரம்பணும்.

11:40

கண்ணு முன்னாடியே எரிஞ்சு எரிஞ்சு என்னைக் கேலி பண்ணுது. பல்பைப் பிடுங்கி வெளிய வீசி, இறங்கிப் போயி மிதிச்சேன். சனியன் ஒழிஞ்சுது. பொய் சொல்லல, மனசுக்கு நல்லாருந்துது.

12:30

கண்டுபிடிச்சுட்டேன்! ஆல்டர்னேட்டர் பின்னாடி ஒயர் முனையில உப்பு பூத்துக் கிடந்துது. சுரண்டி, இறுக்கி, ஸ்டார்ட் பண்ணினேன்.

12.1.

அழுதுட்டேன். எழுதறதுல என்ன வெக்கம்.

13:15

அண்ணாச்சி கையேட்டைப் பாத்துட்டு: "ஆவுடை, அந்த பல்பு வழியாத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகுதாம். பல்பு இல்லாட்டி அது எந்திரிக்கவே எந்திரிக்காதாம். பல்பு இருக்குல்லா?"

இருக்கு. என் பூட்ஸ் அடியில, தூளா.

13:50

அதே அளவு பல்பு வண்டியில இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு: ஆக்சிஜன் விளக்குல. முதல் சிலிண்டர் தீரப்போகுதுன்னா அது எரியும், நான் ரெண்டாவது சிலிண்டரைத் திறக்கணும். அந்த பல்பைக் கழட்டி இங்க மாட்டினேன். ஸ்டார்ட். ஒரு நொடி எரிஞ்சுது, அணைஞ்சுது. 14.2! கத்தினதுல தொண்டை கட்டிப்போச்சு.

சிலிண்டர் கணக்கு எனக்குத் தெரியும். காலையில மாட்டினது, நாலு மணி வரைக்கும் வரும். கடிகாரம் இருக்கும்போது விளக்கு எதுக்கு?

அண்ணாச்சி: "வா தாயி, மிளகு ரசம் வைக்கேன்."

15:20

வண்டி பழைய தடத்துல தானா ஓடுது. 14.2. ஒரு விளக்கும் எரியல. என்ன நிம்மதி. தலை கனக்குது, விரல் மரத்துப் போகுது. காலையிலருந்து சாப்பிடல, அதான். சிரிப்பா வருது. நாலு மணிக்கு எதையோ திறக்கணும். எதைன்னு எழுதி வச்சேன், எங்கயோ. அண்ணாச்சி ரசம் மிளகு

18:05. தானியங்கிப் பதிவு

மூன்றாம் எண் வண்டி முகாம் வந்தடைந்தது. மின்னழுத்தம் 14.2. ஹீட்டர் இயங்குகிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. கதவு உள்ளிருந்து திறக்கப்படவில்லை.