தூதருக்கும் உங்கள் பெயர்

கோலாலம்பூர்
3 மார்ச் 1996

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். நீங்கள், அத்தை, உங்கள் மகன், குதிரைகள் எல்லோரும் சுகம்தானே?

இங்கே நம் நாட்டுத் தூதரகம் மூன்று அறை. கீழே திரைச்சீலைக் கடை. வேலைக்குத் தூதர், நான், ஓர் ஓட்டுநர்.

ஒரு சங்கடம். தூதருக்கும் உங்கள் பெயர். மாமனார் பெயர் மருமகள் வாயில் வரக்கூடாதே.

இந்த ஊர் வெளியுறவு அமைச்சிலிருந்து தொலைபேசி. "உங்க தூதர் பேரு என்னங்க?"

"எங்க பெரியவர்."

"பெரியவர்னா?"

"உயரமா இருப்பார்."

அவரையே எழுதி அனுப்பச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

தூதர் நகரத்துக்காரர். "படிச்ச பொண்ணுதானே நீ? இங்க பேசுறது கேக்க உன் மாமனாருக்குக் காது அவ்வளவு நீளமா?" என்றார். சிரித்தேன். குளியலறையில் தனியாக முயன்றேன். முதல் எழுத்தோடு நின்றது. பயமில்லை. கல்யாணமாகி ஏழு வருடம் பேசாமலே வைத்திருந்த ஓர் இடம் எனக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 12 திறப்பு விழா. ஒலிபெருக்கியில் நான்தான் அவரை அழைக்க வேண்டும். முடியாதென்றால் வேறு ஆள் வருவார். நான் ஊர் திரும்ப வேண்டும். திரும்ப எனக்கு மனமில்லை மாமா.

உங்களைத்தான் கேட்க முடியும்.

மருமகள்
ஜிபார்குல்


அத்-பாஷி
24 மார்ச்

ஜிபாருக்கு,

உறைமேல் 'குதிரை மருத்துவர்' என்று மட்டும் எழுதியிருந்தாய். இங்கே நாங்கள் மூன்று பேர். மற்ற இருவர் வீட்டுக்கும் போய்விட்டுத்தான் கடிதம் வந்தது. ஊரே படித்துவிட்டது.

உன் அத்தை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "முப்பத்தெட்டு வருஷமா நான் வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன். இவ மைக்குல சொல்லணுமாம்!" என்றாள்.

ஏப்ரல் 6, சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தபால் நிலையத்தில் தொலைபேசி அருகே இருப்பேன். அழை. முதலில் என்னிடமே சொல்லிவிடு. அப்புறம் யார் முன்னால் சொன்னால் என்ன?

மாமா


கோலாலம்பூர்
13 ஏப்ரல்

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று விழாவில் சொல்லிவிட்டேன். குரல் நடுங்கவில்லை. "ஒரு தடவ சொல்லச் சொன்னா ரெண்டு தடவ சொல்றியே!" என்றார் தூதர்.

வேலை நிலைத்துவிட்டது. உங்கள் மகனுக்கு விசா தாள்கள் அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

அன்று தொலைபேசியில் கத்தியதற்கு மன்னியுங்கள். உங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றீர்கள்.

ஜிபார்குல்


அத்-பாஷி
2 மே

ஜிபாருக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? நீ முதல் தடவை சொன்னதே கேட்டுவிட்டது. "கேக்கல, கேக்கல" என்று ஐந்து தடவை சொல்ல வைத்தது வேண்டுமென்றேதான். வரிசையில் நின்ற பெண்களெல்லாம் தரையைப் பார்த்தார்கள்.

உன் அத்தையும் வந்திருந்தாள். திரும்பும்போது எனக்குப் பின்னால் நடந்து வந்தாள். பாலம் தாண்டியதும், ஒரே ஒரு தடவை, மெதுவாக, என் பெயரைச் சொன்னாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், "உங்கள யாரு கூப்பிட்டா?" என்றிருப்பாள். நடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஒமுர்பெக்