இதோ வர்றேன் என்று சொல்ல ஒரு பொத்தான்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கேயும் எல்லாரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன், மீதியைக் கீழே படித்துக்கொள்.

புது வீட்டில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. அப்பாவின் சக்கர நாற்காலிக்காக வாசலில் படிக்குப் பதில் சரிவு வைத்ததும், கதவுகளை அகலமாகப் போட்டதும் நல்ல யோசனை, எங்கேயும் இடிக்காமல் போய்வருகிறார். குளியலறையில் மட்டும் மேஸ்திரி தன் சாமர்த்தியத்தைக் காட்டிக் கைப்பிடியை வலது பக்கம் பதித்துவிட்டார், அப்பாவுக்கு வராத கை அதுதான், கேட்டால் தலையைச் சொறிகிறார். நீ அனுப்பிய பேசும் பெட்டியை எலக்ட்ரீஷியன் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். லைட்டைப் போடு, ஃபேனை நிறுத்து என்று நான் சொன்னால் சொன்னபடி கேட்கிறது, இந்த வீட்டில் எனக்கு எதிர்ப்பேச்சு பேசாத ஒரே ஜீவன் அதுதான். ஆனால் யாருக்காக வாங்கினாயோ அவர் பேசினால் அதற்குப் பிடிபடவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு எப்படி ஆகிவிட்டது என்று உனக்குத்தான் தெரியுமே, போனில் உனக்கே பாதி புரியாமல் அம்மாகிட்ட குடுங்கப்பா என்பாய். முகம் சிவக்கச் சிவக்க லைட்டு லைட்டு என்று முயன்றார், அது ஒவ்வொரு தடவையும் மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை என்றது, மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. எலக்ட்ரீஷியன் வேறு இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார் என்றார். விசில்கூட இல்லாமல் மைதானம் முழுவதையும் வரிசையில் நிறுத்திய டிரில் மாஸ்டரிடம்! அன்றைக்கு வாயை மூடியவர்தான், இப்போது என்னிடமும் வேண்டியதைக் கண்ணால்தான் காட்டுகிறார். என்னைக் கூப்பிடுவதை மட்டும் விடவில்லை. ஏம்மா என்பார், அதிலும் பாதிதான் வெளியே வரும். நான் சமையலறையிலிருந்து இதோ வர்றேன் என்றால் போதும், அடங்கிவிடுவார். போய் என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று தலையாட்டுவார்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன், உட்கார்ந்து படி. என் மறுபரிசோதனையிலும் அதேதான் வந்திருக்கிறது, புற்று ஈரலுக்கும் போய்விட்டதாம். இனிக் கொடுக்கும் மருந்து வலிக்குத்தான், நோய்க்கு இல்லை. அடுத்த வருஷம் என்று நான் ஏதோ ஆரம்பித்தபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், நானும் விட்டுவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா, சாவதற்கு இல்லை, எனக்குப் பிறகு அவர் சொல்வது ஒருவருக்கும் புரியாதே என்றுதான். ஆள் வைக்கலாம் என்பாய், வை, சோறு ஊட்டுவார்கள், புரட்டிப் படுக்க வைப்பார்கள். உன்னால் இங்கே வந்து இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும், அதற்காக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அதனால் இந்த வீட்டுக்கு நீ போட்ட திட்டத்தில் தானாக மூடும் திரை, வாசல் கேமரா எல்லாவற்றையும் அடித்துவிடு, வீண் செலவு. லைட்டுக்கும் ஃபேனுக்கும் இடது கைக்கு எட்டும்படி சாதாரண சுவிட்சே போட்டுத் தருகிறேன் என்கிறார் எலக்ட்ரீஷியன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பாவின் கையருகே ஒரு பொத்தான், அதை அமுக்கினால் சமையலறைப் பக்கமிருந்து என் குரலில் இதோ வர்றேன் என்று கேட்க வேண்டும். அது சுலபம்மா, காலிங் பெல் மாதிரிதான் என்றார் எலக்ட்ரீஷியன், எதற்கு என்று நான் சொல்லவில்லை. நான் இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியாமலா போகும், மூளை தெளிவாகத்தானே இருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அமுக்குவார்.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி. நேரத்துக்குச் சாப்பிடு, அழுதுகொண்டே வண்டி ஓட்டாதே. மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறபோதே குரலைப் பதிந்து உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், பத்திரப்படுத்து. பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும், அழகாக இருக்கட்டும் என்று அதை வெட்டிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா